மிதித்த மண்ணும் கொட்டிய மண்ணும்

ஹாலிஎல
செப்டெம்பர் 14

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் யதுர்ஷாவும் நலம். மாமாவுக்குக் காலில் கொஞ்சம் வீக்கம், மற்றபடி குறையில்லை. கட்டார் வெயிலில் உங்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

கையில் போன் இருக்க, இவள் ஏன் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் சாப்பாட்டை விசாரித்து முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது. அப்புறம் நீங்கள் அங்கே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள், நான் இங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு பதுளை பஸ் ஏற வேண்டும். தாளில் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது.

யதுர்ஷாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. நாங்கள் குடியிருக்கிற றஷீதா டீச்சர் வீட்டுப் பின்னறை எங்கள் இரண்டு பேருக்கும் போதும். நான் வேலை விட்டு வரும்வரை டீச்சர்தான் இவளைப் பார்த்துக்கொள்கிறார். காசு கொடுத்தாலும் கிடைக்காத உதவி அது. அப்பாவைப் படம் வரையச் சொன்னால் இவள் பிளேனை வரைகிறாள். ஏன் என்று கேட்டால், அப்பா உள்ளே இருக்கிறார் என்கிறாள்.

மாமா ஆவணியிலேயே தோட்டத்து லயத்து ஒற்றை அறையை விட்டு, மகன் கட்டின மடுல்சீமைப் புது வீட்டுக்குக் குடிபோய்விட்டார். தனியாகத்தான் இருக்கிறார். சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை, ஆனால் கதவுக்கு நீலப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுக்கிறார். "லயத்துல பொறந்தேன், லயத்துல சாக மாட்டேன்" என்று ஒருவர் விடாமல் சொல்லியாகிறது. கங்காணியாக இருந்தபோதுகூட அவர் முகத்தில் இந்தக் களையை நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டு இந்தக் கடிதத்தை எழுதுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் அந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொன்னதை, டவுன் வேலை கிடைத்ததும் தோட்டம் கசந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டீர்கள். மாமாவும் அப்படித்தான் நினைக்கிறார். அது இல்லை, மச்சான். அந்த நிலத்தை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

வீட்டுக்குக் கால் நாட்டிய அன்று, நம் வழக்கப்படி ஈசானிய மூலையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டினார்கள். எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு, மிதித்து மூடினார்கள். குழி நிறைந்து ஒரு கூடை மண் மிஞ்சியது. மண் மிஞ்சினால் குடும்பம் செழிக்கும் என்று மாமா எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். அந்தப் படத்தை நீங்கள் அங்கே உங்கள் அறையில் இருக்கிற எல்லோருக்கும் காட்டினதாகச் சொன்னீர்கள்.

அந்தச் சடங்கை நான் கேலி செய்யவில்லை. பதுளையில் எங்கள் மண் ஆய்வுகூடத்தில் நாங்கள் தினமும் செய்வதும் கிட்டத்தட்ட அதேதான். மண் என்பது ஒரே கட்டி இல்லை. துகள், துகளுக்கு நடுவே இடைவெளி, அந்த இடைவெளியில் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் காற்று. எங்கள் மேலதிகாரி அலவி சேர் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பலகையில் ஒரு பெட்டி வரைந்து, அடித்தட்டில் துகள், நடுவில் தண்ணீர், மேலே காற்று என்று பிரித்துக் காட்டுவார். நிஜத்தில் எல்லாம் தோட்டத்தில் பேர் கொடுக்கக் காலைப் பெரட்டுக்கு நிற்கிற கூட்டம் மாதிரி கலந்துதான் இருக்கும், கணக்குப் பார்க்கிற வசதிக்காகத்தான் இப்படி ஒதுக்கி வரைகிறோம் என்பார். துகள் பெருக்காது, சிறுக்காது. இடைவெளிதான் கூடும், குறையும். இறுகின மண்ணை வெட்டி எடுத்தால் உதிர்ந்து இடைவெளி கூடிவிடும், அதனால் குழிக்குள் அடங்காமல் மிஞ்சும். முதலிலேயே தளர்ந்து கிடக்கிற மண் என்றால், மிதித்து மூடும்போது அமுங்கிப்போய்க் குழி நிறையாது. மிஞ்சினால் நல்ல நிலம், குறைந்தால் ஆகாத நிலம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

தோண்டின இடத்தில்தான் கோளாறு. பக்கத்து லயத்து விஜயலெட்சுமி அக்கா அந்த மலையில்தான் கொழுந்து பறித்தவர். போன வாரம் பேச்சுவாக்கில் சொன்னார். நம் ஈசானிய மூலை வருகிற இடம், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போகிற பழைய குறுக்குப் பாதையாம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சுமையோடு ஏறி இறங்கின பாதை. அத்தனை காலம் மிதிபட்ட மண் இறுகாமல் என்ன செய்யும்? குழியில் மண் மிஞ்சியது அந்தப் பாதையின் குணம். வீடு நிற்கிற மற்ற இடமெல்லாம் முன்பு பள்ளமாம். பள்ளத்தில் ஒரு ஊற்று இருந்ததாம், மத்தியானச் சாப்பாட்டுக்கு அதில்தான் கைகழுவுவார்களாம். மேலே லொறிப் பாதையை அகலமாக்கினபோது வெட்டின மண்ணையெல்லாம் பெக்கோ மெஷினால் தள்ளி அந்தப் பள்ளத்தை மூடிவிட்டார்கள். நமக்குக் காணி அளந்து கொடுக்கும்போது மானாப்புல் ஆள் உயரத்துக்கு நின்றது. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

மண்ணைக் கொட்டி மூடினால் ஊற்று செத்துப்போகாது. அது அங்கேதான் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது.

மாரி மழை வருவதற்குள் மாமாவை இங்கே கூப்பிட்டு வைத்துக்கொள்கிறேன். மழை முடிந்ததும் நிலம் எப்படி இருக்கிறது என்று பார்த்து மற்றதைப் பேசலாம். நான் கூப்பிட்டால் வரமாட்டார். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சுதர்ஷினி


ஹாலிஎல
ஒக்டோபர் 26

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் குரலில் அனுப்பின பதிலைக் கேட்டேன். ஒரு தடவைதான் கேட்டேன், இரண்டாவது தடவை கேட்க மனம் வரவில்லை. படித்த திமிர் என்றீர்கள். நீங்கள் வெயிலில் நின்று கட்டின வீட்டை நான் ஒரு டப்பா மண்ணை வைத்து இடிக்கப் பார்க்கிறேன் என்றீர்கள். இருக்கட்டும். கோபத்தில் சொன்னதைக் கணக்கில் எடுத்தால் எந்தப் புருசன் பெண்டாட்டியும் சேர்ந்திருக்க முடியாது. ஆனால் வலித்தது என்று சொல்லாமல் இருக்கவும் எனக்குத் தெரியவில்லை.

அத்திவாரம் ஆழமாகப் போட்டிருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று உங்கள் சைட்டில் ஒருவர் சொன்னாராம். கொட்டின மண் அதைவிட ஆழத்துக்கு இருக்கிறது, மச்சான். மண் கிளம்பினால் அத்திவாரமும் அதோடு சேர்ந்துதான் கிளம்பும்.

வாயால் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று, அலவி சேரிடம் கேட்டு இரும்பு வளையங்களை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மடுல்சீமைக்குப் போனேன். வளையத்தை நிலத்தில் மெதுவாக அடித்து இறக்கி, மண் குலையாமல் அப்படியே வெட்டி எடுப்பது. மாமா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னடாவென்றால் தானே பலகையைப் பிடித்துக்கொண்டு, "சாயாம அடி புள்ள, நெலத்துக்கு ஊசி போடுறப்ப கை நடுங்கக் கூடாது" என்று எனக்கே சொல்லிக்கொடுத்தார். வேலை என்று வந்துவிட்டால் மனிதருக்குக் கோபம் மறந்துவிடுகிறது. பாதை ஓரத்தில் சில வளையம், வீட்டுக்குப் பின்னால் சில வளையம் எடுத்து வந்தேன்.

எல்லா வளையமும் ஒரே அளவு. அடுப்பில் வைத்து ஈரம் முழுக்கப் போகக் காயவைத்து நிறுத்தோம். பாதை மண் நூற்றைம்பது கிராம் இருந்தது. வீட்டு மண் நூறுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதே இடம், அதே மாதிரித் துகள், மூன்றில் ஒரு பங்கு எடை காணோம். காணாமல் போனதெல்லாம் இடைவெளி. பாதை மண்ணிலேயே இருக்கிற இடைவெளியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், வீட்டுக்கு அடியில் பாதிக்கு மேல் மண்ணே இல்லை. இப்போது அந்த ஓட்டைகளில் காற்று இருக்கிறது. மழை பெய்தால் காற்று வெளியேறித் தண்ணீர் வந்து உட்காரும். மண் பாரமாகும், துகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கிற பிடியும் விட்டுப்போகும். சரிவில் இருக்கிற மண்ணுக்கு இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அலவி சேர் எண்களைப் பார்த்துவிட்டு, அங்கே ஆள் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டார். என் மாமனார் இருக்கிறார் என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

மாமாவிடம் சொன்னபோது சிரித்தார். "அப்ப நான் ஓட்டை மேலயா குடியிருக்கேன்" என்று கேட்டு, தரையைக் காலால் தட்டிக் காட்டினார். வீட்டுக்கு நடுவில் ஒரு குழி தோண்டி, அவருடைய முறைப்படியே பார்ப்போம் என்றேன். குடியிருக்கிற வீட்டுக்கு நடுவில் குழி வெட்டுவது ஆகாது என்று முடித்துவிட்டார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு அலுப்பாகிவிட்டது. மண்சரிவு ஆபத்து பார்க்கிற ஐயாமாருக்கு நான்தான் சொல்லி அனுப்பினேன். பெரிய மனது பண்ணி அவர்களும் வந்தார்கள். வருகிறார்கள் என்று தெரிந்ததும் மாமா என்ன செய்தார் தெரியுமா? மழை தொடங்கினதும் வாசலில் புதிதாக ஓடின வெடிப்பையெல்லாம் களிமண் வைத்து அடைத்து, மேலே சாணம் போட்டு வழவழவென்று மெழுகிவிட்டார். சுவர் வெடிப்புக்கும் அதே பூச்சு. கோலம் போடத் தனக்கு வராது என்று விஜயலெட்சுமி அக்காவைக் கூப்பிட்டுப் போடவைத்திருக்கிறார். ஐயாமார் தேடி வந்ததே வெடிப்பைத்தான். மெழுகின வாசலைப் பார்த்து அவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினார்களாம். தேத்தண்ணி குடித்துவிட்டு, வெளிப்படையாக ஒன்றும் தெரியவில்லை, மேல் சரிவையும் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும், மறுபடி வருகிறோம் என்று போய்விட்டார்கள்.

நான் போய்க் கத்தினேன். மாமனார் என்றும் பார்க்காமல் கத்தினேன், அது தப்புத்தான். அவர் திருதிருவென்று முழித்தார். ஏமாற்ற வேண்டும் என்று அவர் செய்யவில்லை, மச்சான். "மொதமொதலா என் வீட்டுக்கு ஆபீஸ்காரங்க வாறாங்க. மெழுகாம எப்புடி விடுறது?" என்று கேட்டார். லயத்துக்கு வருகிற துரையும் ஐயாவும் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போவதைத்தான் அவர் காலமெல்லாம் பார்த்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரைத் திட்டவும் முடியவில்லை, கட்டிப்பிடிக்கவும் முடியவில்லை.

ஒரு வாளித் தண்ணீரை அந்த மெழுகின வெடிப்பின் மேல் ஊற்றினேன். தண்ணீர் வாசலில் பரவவே இல்லை. பூச்சு கரைந்தது, அவ்வளவு தண்ணீரும் உள்ளே இறங்கிவிட்டது. இன்னொரு வாளி ஊற்றினேன். அதுவும் அப்படித்தான். மாமா குனிந்து, தண்ணீர் போன இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார். அப்புறம் சொன்னார், "எம் மவன் கட்டுன வீடு. எம் மவன் சொல்லட்டும், எறங்குறேன்."

அவருக்குத் தெரிந்துவிட்டது, மச்சான். தெரிந்தும் இறங்கமாட்டேன் என்கிறார். உங்களுடைய உழைப்பை உங்களைக் கேட்காமல் விட்டுவிட்டு வந்தால் உங்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைக்கிறார். வாரம் முழுக்க வேலை, ஞாயிற்றுக்கிழமை மடுல்சீமை பஸ், போய்க் கெஞ்சுவது, திரும்பி வந்து அடுத்த ஞாயிறுவரை வானத்தைப் பார்ப்பது. என்னால் முடியவில்லை. மேலே லொறிப் பாதை ஓரத்தில் மரம் சாய்ந்து நிற்கிறது. மழை தொடங்கிவிட்டது.

உங்களுக்கு என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். வந்து ஆசை தீரத் திட்டுங்கள். இப்போது அவரிடம் பேசுங்கள்.

கும்பிட்டுக் கேட்டுக்கொள்ளும்,
சுதர்ஷினி


ஹாலிஎல
டிசம்பர் 3

அன்புள்ள மச்சானுக்கு,

மாமா சுகமாக இருக்கிறார். முதலில் அதைப் படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள். இத்தனை நாளாகக் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. உங்களுக்கு ஒரு வரிதான் அனுப்ப முடிந்தது. இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் இப்படி ஒரு பொய் சொல்வீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. போன வாரம் நான் ஆய்வுகூடத்தில் இருக்கும்போது உங்கள் செய்தி வந்தது. லீவு கிடைத்துவிட்டது, வருகிறேன், சாமான் நிறைய இருக்கிறது, பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டேன், அவரை எப்படியாவது பிடித்து வைத்துக்கொள் என்று எழுதியிருந்தீர்கள். இறங்கி வாங்க என்று சொன்னால் அவர் ஆயிரம் கேள்வி கேட்பார், மகன் வருகிறான் என்றால் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார் என்று உங்களுக்குத்தான் தெரிந்திருக்கிறது. வேலையைப் போட்டுவிட்டு மழையில் ஓடினேன்.

பஸ் ஸ்டாண்டில் மாமா திருவிழாவுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. உங்கள் சாமானைத் தூக்க வெறும் சாக்கு ஒன்று, உங்களுக்கென்று வாழையிலையில் சுற்றின ரொட்டியும் கட்டச்சம்பலும். ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் பிளேன் இறங்கவில்லையாம், நாளைக்குத்தானாம் என்று நான் என் பங்குக்கு ஒரு பொய் சொன்னேன். பிளேன் மழைக்குப் பயப்படுமா என்று கேட்டார். பயப்படும் என்றேன். என்னோடு ஹாலிஎலைக்கு வந்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் மலை இறங்கிவிட்டது. விஜயலெட்சுமி அக்கா யாருடைய போனிலோ பேசினார். லயத்து ஆட்களை எல்லாம் முதல்நாளே பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள், ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. நம் வீடு இருந்த இடமே இல்லை என்றார். லொறிப் பாதையிலிருந்து ஆற்றுவரை ஒரே சேறாம். அந்தப் பழைய பாதை மட்டும் ஒரு திட்டாக அப்படியே நிற்கிறதாம். நல்ல நிலம் என்று மாமா சொன்னது அந்தக் கொஞ்ச இடத்துக்கு உண்மைதான்.

நான் சொன்னது நடந்துவிட்டது என்று எனக்கு ஒரு பெருமையும் இல்லை. நடக்காமல் போயிருந்தால் எல்லோருமாகச் சேர்ந்து என்னைத் திட்டியிருப்பீர்கள், நானும் சந்தோசமாக வாங்கிக்கொண்டிருப்பேன். உங்கள் இளமை போன வீடு அது. அதற்காக நானும் யதுர்ஷாவும் உங்களை விட்டு இருந்தோம். அது எனக்கும் வீடுதான், மச்சான். நான் குடி வராத வீடு என்றாலும் என் வீடுதான்.

மாமாவிடம் நான்தான் சொன்னேன். றஷீதா டீச்சரும் பக்கத்தில் இருந்தார். கேட்டுவிட்டு வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. லயத்து ஆட்கள் சாப்பிட்டார்களா என்று கேட்டார். அப்புறம் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, டீச்சருக்குக் கேட்காதபடி மெதுவாக, "பயலுக்குச் சொல்லிட்டியா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். "சொல்லிறாத. வந்து சேரட்டும். இப்பச் சொன்னா பிளேன்ல தனியா உக்காந்து அழுவான், பக்கத்துல யாரு இருக்கா?" என்றார்.

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

நீங்கள் அவரைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னீர்கள். இப்போது அவர் உங்களைக் காப்பாற்றப் பார்க்கிறார். நடுவில் நான் தினமும் ஒரு பிளேனை நிறுத்திக்கொண்டிருக்கிறேன். மழை என்றேன், டிக்கெட் மாறிவிட்டது என்றேன், முதலாளி இரண்டு நாள் நிறுத்திவிட்டார் என்றேன். இனிமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவரும் ஏன் எதற்கென்று கேட்பதில்லை. சாயங்காலம் ஆனால் முகம் கழுவி, தலை வாரி, கோட்டைப் போட்டுக்கொண்டு, ஹாலிஎல பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டு வருகிறார். யதுர்ஷாவும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போகிறாள்.

வீடு ஒரு ஒழுங்குக்கு வந்ததும் வருகிறேன் என்று சொல்லித்தான் போனீர்கள். இனி எதற்காக அங்கே இருக்க வேண்டும் என்று நான் கேட்கப்போவதில்லை. கடன் கிடன் என்று நீங்கள் காரணம் சொல்வீர்கள், அதெல்லாம் எனக்கும் தெரியும். நிலம் வேறு இடத்தில் தருவதாகச் சொல்கிறார்கள். எப்போது தருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. தந்தால் இந்தத் தடவை எல்லா மூலையிலும் நானே மண் எடுத்துப் பார்க்கிறேன். அதுவரை டீச்சரின் பின்னறையில் நான்கு பேர் படுக்க இடம் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன்.

ஒன்றும் கொண்டுவர வேண்டாம். தூக்கிக்கொண்டு வர மாமா சாக்கை மடித்து வைத்திருக்கிறார். அது வெறுமையாகத் திரும்பினாலும் அவருக்குப் பரவாயில்லை. நீங்கள் சொன்ன அந்த ஒரு பொய்யை மட்டும் பொய்யாக விட்டுவிடாதீர்கள், மச்சான். வந்துவிடுங்கள்.

வரும் வழியெல்லாம் கடவுள் துணை நிற்கட்டும்.

உங்கள்
சுதர்ஷினி